இன்ஜின் மாற்றிய ஆம்னி பிடிக்கவில்லை: அடுத்து எதை வாங்குவது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாம்பனிலிருந்து இராமநாதபுரம் வரை மீன் பெட்டி ஏற்றிப் போகும் 1999 மாடல் ஆம்னி, கார்புரேட்டர் வண்டி. பழைய இன்ஜின் சூடேறி சீஸ் ஆகி இறுகிவிட்டதால், மதுரையில் ஒரு காயலான் கடையில் அதே 796 சி.சி. இன்ஜினை வாங்கி வந்து, அவரும் மச்சானுமாக வீட்டு வாசலிலேயே மாற்றியிருக்கிறார்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. நடுநடுவே கார்புரேட்டர் பக்கம் ‘டப்’ என்று சத்தம். காயில் (பொறிக்கான உயர் வோல்ட்டைத் தருவது), பிளக், அந்த வோல்ட்டைக் கொண்டுபோகும் ஹெச்.டி. ஒயர் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பார்த்தால் கரண்ட், அதாவது பொறி, தெரிகிறது. “அடுத்து எதை மாற்றட்டும் அண்ணே?” என்பது கேள்வி.

தம்பி, அடுத்து எதையும் வாங்காதீர்கள். நீங்கள் எந்தப் பாகம் என்று கேட்டாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது பழுது எந்த இடத்தில் என்பதுதான். நேற்று வரை ஓடிய காயில், இன்ஜினை மாற்றிய அன்றைக்குப் பார்த்துச் சாக என்ன அவசியம்? இன்ஜின் இறங்கி ஏறிய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் கை பட்ட இடங்களை: கழற்றிய ஒயர், மறந்துபோன எர்த், திருப்பி வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பொறியைப் பிரித்துக் கொடுப்பது). அடுத்ததாக, நமக்கு வரலாறு தெரியாத அந்தக் காயலான் கடை இன்ஜினை. நாய்க்கு எங்கே அடிபட்டாலும் காலைத்தான் தூக்கும் என்பார்கள். இன்ஜினுக்கு எங்கே அடிபட்டாலும் நம் ஆட்கள் காயிலைத்தான் மாற்றுவார்கள். இராமநாதபுரத்தில் ஷெட் வைத்து 26 வருஷமாகிறது, நானும் மாற்றியிருக்கிறேன்.

கரண்ட் கோளாறு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. கரண்டே இல்லை. கரண்ட் இருக்கிறது, பலம் இல்லை. கரண்ட் பலமாக இருக்கிறது, வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. முதல் இரண்டையும் மீட்டரும் டெஸ்ட் லேம்பும் கண்டுபிடித்துவிடும். மூன்றாவதைக் கண்டுபிடிக்க உங்கள் கட்டைவிரல் போதும். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் வண்டிக்கு மூன்றாவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணம் அந்த ‘டப்’. கரண்ட் இல்லாத இன்ஜின் கார்புரேட்டரில் வெடிக்காது, சும்மா சுற்றிக்கொண்டு கிடக்கும். இன்டேக் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பொறி விழுந்தால் கார்புரேட்டர் வழியாக வெடிக்கும், எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும்போது விழுந்தால் சைலன்சரில் வெடிக்கும். ஆக, பொறி விழுகிறது, தப்பான நேரத்தில் விழுகிறது. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: இன்டேக் வால்வு சரியாக மூடாவிட்டாலும், பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகப் போனாலும் இதே ‘டப்’ வரலாம். வண்டியைப் பக்கத்தில் நின்று கேட்காமல் இதற்கு மேல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் டைமிங்கைப் பார்க்கக் காசு செலவில்லை, அதனால் அதிலிருந்து தொடங்குவோம்.

வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சீட்டைத் தூக்கி மூன்று பிளக்கையும் எடுங்கள். டைமிங் பெல்ட் இருக்கும் பக்கத்துச் சிலிண்டர்தான் முதல் சிலிண்டர். அதன் பிளக் ஓட்டையில் மச்சான் கட்டைவிரலை அழுத்தி வைக்கட்டும். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றில் விரலைக் காற்று தள்ளும், இன்னொரு சுற்றில் சும்மா போகும். தள்ளுகிற சுற்றுதான் கம்ப்ரஷன். தள்ளி முடியும் இடத்தில், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது, நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சியைக் காட்ட புல்லியிலோ ஃபிளைவீலிலோ போட்டிருக்கும் குறி சரியாக நிற்கிறதா என்று பாருங்கள், ஆனால் குறியை மட்டும் நம்பாதீர்கள். பழைய இன்ஜின் விற்பவர்கள் புல்லியையும் ஃபிளைவீலையும் கைக்குக் கிடைத்ததை மாட்டி அனுப்புவதுண்டு. ஓட்டை வழியாக நீளமான ஒரு ஸ்ட்ரா விட்டுப் பார்த்தால், பிஸ்டன் ஏறி நின்று இறங்கத் தொடங்குவது கைக்குத் தெரியும். இந்த வேலைக்கு ஸ்க்ரூ டிரைவரை விட்டு பிஸ்டன் தலையைக் கீறியவர்கள் உண்டு.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றினால், உள்ளே சுற்றும் ரோட்டார் முதல் சிலிண்டரின் ஒயர் மாட்டும் முனையைப் பார்த்து நிற்க வேண்டும். அங்கிருந்து ரோட்டார் சுற்றும் திசையில் அடுத்த முனை மூன்றாவது சிலிண்டருக்கு, அதற்கடுத்தது இரண்டாவதற்கு. இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-3-2. திசையில் சந்தேகம் இருந்தால் கேப்பைக் கழற்றியபடியே புல்லியைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

இங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது, அதுவும் அனுபவசாலிகள் கையில். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் ஒரு முழுச் சுழற்சியில், அதாவது கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள், இரண்டு தடவை உச்சிக்கு வரும். ஒன்று கம்ப்ரஷன் முடியும்போது, இன்னொன்று எக்ஸாஸ்ட் முடியும்போது. புல்லிக் குறி இரண்டிலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். விரல் வைத்துப் பார்க்காமல் குறியை மட்டும் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினால், பாதிக்குப் பாதி எக்ஸாஸ்ட் உச்சியில் போய் உட்காரும். அப்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதனதன் எக்ஸாஸ்ட் முடிந்து இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கும் நேரத்தில் பொறி விழும். கார்புரேட்டரில் ‘டப்’ வரும், வண்டி பிடிக்காது, பிளக்கை வெளியே வைத்துப் பார்த்தால் கரண்ட் அழகாகத் தெரியும். நீங்கள் எழுதியிருப்பதும் இதேதான்.

அம்பாசடரில் கை பழகியவர்கள் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருப்பார்கள்: ஒயர்களை எதிரெதிராக மாற்றி மாட்டு, ஓடிவிடும் என்பார்கள். நாலு சிலிண்டரில் அது ஓடும். கிராங்க் 180 டிகிரி சுற்றும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு பொறி, அதனால் எந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷன் உச்சிக்கும் ஏதோ ஒரு பொறி சரியாக வந்து பொருந்தும். ஒயர் முகவரியை மாற்றினால் போதும். ஆம்னி மூன்று சிலிண்டர். 240 டிகிரிக்கு ஒரு பொறி. எக்ஸாஸ்ட் உச்சியில் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரில், முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சிக்கு வரும்போது ரோட்டார் இரண்டு முனைகளுக்கு நட்டநடுவில் நிற்கும். அந்த நேரத்தில் பொறியே கிடையாது. மூன்று ஒயரை ஆறு விதமாகத்தான் மாட்ட முடியும், ஆறையும் மாட்டிப் பார்த்தாலும் பிடிக்காது. டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, கம்ப்ரஷன் உச்சியில் வைத்துத் திரும்ப இறக்குவது ஒன்றுதான் வழி. இறக்கும்போது இன்னொரு விஷயம். அதன் பல் சாய்ந்த பல், உள்ளே போகப் போக ரோட்டார் கொஞ்சம் திரும்பும். அது எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு முன்கூட்டியே தள்ளிப் பிடித்து இறக்க வேண்டும். முதல் தடவையே சரியாக உட்கார்ந்தால் உங்களுக்கு நல்ல கை என்று அர்த்தம், எனக்கு இன்றைக்கும் இரண்டு தடவை ஆகிறது.

ரோட்டார் கிட்டத்தட்ட சரியாக நிற்கிறது, ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரை அதன் பள்ளத்தின் கடைசி வரை திருப்பினாலும் டைமிங் எட்டவில்லை என்றால், டைமிங் பெல்ட் பல் தாவியிருக்கலாம். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், கேமைச் சுற்றுவது பெல்ட். பெல்ட் ஒரு பல் தள்ளினால் வால்வும் பொறியும் சேர்ந்து தள்ளிப்போகும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பொறியை மட்டும் சரிக்கட்டி, வால்வு தப்பான நேரத்தில் திறக்கிறபடியே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். வண்டி ஓடும், பாம்பன் பாலத்தில் ஏறும்போது இழுக்காது. பழைய இன்ஜினை ஏற்றுவதற்கு முன்னாலேயே கவரைக் கழற்றிக் கேம் குறியையும் கிராங்க் குறியையும் பார்த்துவிடுவது நல்லது. அப்படியே புது பெல்ட்டும் போட்டுவிடலாம். மேலே ஏறிய பிறகு அதே வேலை இரண்டு மடங்கு.

டைமிங் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால், அப்புறம் எர்த். இதில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் கீழக்கரையிலிருந்து வந்த ஒரு வேனுக்கு இன்ஜின் மாற்றினேன். செல்ஃப் மெதுவாகச் சுற்றியது, கரண்ட் மஞ்சளாக, சோகையாக இருந்தது. காயில் போய்விட்டது என்று சொல்லி ஓனரை ஒரு காயில் வாங்க வைத்தேன். மாற்றமில்லை. பேட்டரி மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. கடைசியில் பையன் ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுவிட்டு ஆ என்று கையை உதறினான். கேபிள் அடுப்பு போலச் சூடு. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை பழைய இன்ஜினிலேயே தொங்கிக்கொண்டு பழைய இரும்புக்குப் போய்விட்டது, நான் கவனிக்கவில்லை. இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்ட் மேல். பட்டை இல்லாவிட்டால் செல்ஃபின் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும், கிடைத்தது கேபிள். காயில் காசைத் திருப்பிக் கொடுத்தேன், கூலியும் வாங்கவில்லை.

எர்த்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மீட்டரால் பாருங்கள். பேட்டரியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்ல எர்த். அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். காயலான் கடை இன்ஜினுக்குச் சில்வர் பெயின்ட் அடித்துப் புதிது மாதிரி விற்பார்கள், அந்தப் பெயின்ட் மேலேயே பட்டையை முடுக்கினால் எர்த் பிடிக்காது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியிலும் அளந்து பாருங்கள். 12.6 இருக்கும் நல்ல பேட்டரி, செல்ஃப் அடிக்கையில் 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் மற்ற எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

காயிலுக்கு வருவோம். அதன் பாசிட்டிவ் முனையில், சாவி போட்ட நிலையிலும் செல்ஃப் அடிக்கும் நிலையிலும் வோல்ட் வர வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் நின்றுவிடுகிற வண்டி என்றால் சாவியின் ‘ரன்’ இணைப்போ, காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் இருக்கிற வண்டியில் அந்த ரெசிஸ்டரோ அறுந்திருக்கிறது. நெகட்டிவ் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்து செல்ஃப் அடித்தால் லேம்ப் மினுக்க வேண்டும். மினுக்கினால், காயிலின் கரண்டை விட்டு விட்டு வெட்டும் பாயிண்டோ, எலக்ட்ரானிக் யூனிட்டோ தன் வேலையைச் செய்கிறது. நின்று எரிந்தால் பாயிண்ட் மூடவே இல்லை. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அந்த ஒயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது, அல்லது காயிலுக்குள்ளேயே அறுந்திருக்கிறது.

நீங்கள் போட்ட புதுக் காயில் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். வாங்கி வந்த இன்ஜினோடு அதன் சொந்த டிஸ்ட்ரிபியூட்டரும் வந்ததா, அல்லது உங்கள் பழையதை மாட்டினீர்களா? சில வண்டிகளில் பாயிண்ட், சிலவற்றில் பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக். வெளியே இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றின் டிஸ்ட்ரிபியூட்டரை இன்னொன்றின் ஒயரிங்கில் மாட்டினால் குழப்பம்தான். காயிலிலும் அப்படியே. ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய காயில் ஏறக்குறைய 1.5 ஓம், ரெசிஸ்டர் இல்லாமல் ஓடுவது ஏறக்குறைய 3 ஓம். 3 ஓம் காயிலை ரெசிஸ்டர் உள்ள ஒயரில் மாட்டினால் கரண்ட் சோகை பிடித்துவிடும். 1.5 ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் பாயிண்ட் கருகும், காயில் கை வைக்க முடியாதபடி சுடும். கடைக்காரர் ‘ஆம்னி காயில்’ என்று சொன்னது போதாது, மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

வெளியே வைத்த பிளக்கில் கரண்ட் தெரிவதை வைத்தும் நிம்மதி அடைய வேண்டாம். வெளிக் காற்றில் பிளக் இடைவெளியைத் தாண்டும் பொறி, சிலிண்டருக்குள் பல மடங்கு அழுத்தத்தில் தாண்டாமல் போகலாம். 6, 7 மில்லிமீட்டர் இடைவெளியை ‘சடசட’ என்று நீலமாகத் தாண்ட வேண்டும். இதைச் செய்யும்போது ஒயரை அந்தரத்தில் விடாதீர்கள், எலக்ட்ரானிக் யூனிட் செத்துவிடும். சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டு, கார்புரேட்டரிலிருந்தும் திறந்த பிளக் ஓட்டையிலிருந்தும் தள்ளி வைத்துப் பாருங்கள்.

நம் கடற்கரைக்கு என்று தனியாக ஒரு வியாதி உண்டு. மதுரையில் ஓடிய இன்ஜினுக்கு அது தெரியாது, உங்கள் வண்டியின் ஒயரிங்குக்குத் தெரியும். கச்சான் எனும் மேல்காற்று வீசும் மாதங்களில் மண்டபம் முதல் தனுஷ்கோடி வரை உப்பும் மணலும் சேர்ந்தே வரும். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வேறு சொட்டும். செம்பு ஒயரில் பச்சைக் களிம்பு முனையில் மட்டும் நிற்காது, உறைக்குள்ளேயே ஒரு சாண் ஏறிப்போகும். வெளியே ஒயர் நன்றாக இருக்கும், உரித்தால் உள்ளே கறுத்துப் பொடியாகக் கொட்டும். இன்ஜினை இறக்கும்போது அந்த ஒயர்களை வளைத்தீர்கள் இல்லையா, அப்போதே பாதி இழை அறுந்திருக்கும். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி, புது முனை வைத்து, ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் மாட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் இங்கே ஒரு வாடைக் காற்றைத் தாங்காது. கேப்பின் உட்புறத்தில் பென்சில் கோடு போட்ட மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அந்தக் கேப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான், பொறி அந்த வழியாகவே ஓடிவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். கேப்பிலோ ஒயரிலோ நீலமாக ஊர்ந்தால் கசிவு அங்கே. இன்னொன்று, இன்ஜினை வீட்டு போர் தண்ணீரில் கழுவாதீர்கள். நம் பக்கத்து உவர்த் தண்ணீர் காய்ந்ததும் உப்புப் படலமாக நிற்கும், பனி பெய்ததும் அது கரண்டுக்கு வழி ஆகிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்து பிடிக்கவில்லை என்றால் பழுது கரண்டில் இல்லை. மூன்று சிலிண்டரின் கம்ப்ரஷனையும் கேஜ் வைத்து எடுங்கள். ஒன்றுக்கொன்று ஒரு கிலோவுக்கு (சதுர சென்டிமீட்டருக்கு) மேல் வித்தியாசம் இருந்தால் வால்வோ ரிங்கோ ஹெட் கேஸ்கட்டோ, விற்றவரிடம் திரும்பிப் போக வேண்டிய விஷயம். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, காய்ந்திருந்தால் வரவில்லை. கார்புரேட்டரின் வேக்குவம் குழாய்கள் எல்லாம் அதனதன் இடத்தில் மாட்டியிருக்கின்றனவா என்றும் ஒரு பார்வை.

இதைப் படிக்கும் வேறு யாருடைய வண்டியாவது எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்தது) என்றால் மேலே சொன்ன டிஸ்ட்ரிபியூட்டர் கதையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பொறியின் நேரத்தை முடிவு செய்வது சென்சாரும் கம்ப்யூட்டரும், ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போவதுதான் சரி. எர்த்தும் களிம்பும் மட்டும் எல்லா வண்டிக்கும் பொது. அப்புறம் தம்பி, மறக்காமல் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பரை ஏற்றிவிடுங்கள், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் எழுதிக் கொடுங்கள். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், திருட்டு இன்ஜின் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

முதலில் கட்டைவிரல் சோதனையைச் செய்யுங்கள். முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது, கேப்பைக் கழற்றி, ரோட்டாரும் கேப்பில் ஒயர் வரிசையும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். ரோட்டார் இரண்டு முனைக்கு நடுவில் நின்றால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிடுங்கள்.